ஜெமினி வட்டமும் எங்கள் ஊர்ப் பாதையும்

“வலம் வருதல்” என்று நம் முன்னோர் வழங்கிய சொல்லில் ஒரு சாலை விதியே அடங்கியிருக்கிறது. எதைச் சுற்றுகிறோமோ அது நம் வலக்கைப் புறத்தில் இருக்குமாறு நடப்பதே வலம் வருதல். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகவே செல்லவேண்டும். ஆகவே பல சாலைகள் கூடும் இடத்தில் நடுவே ஒரு வட்டத் திட்டு அமைந்தால், அத்திட்டைத் தம் வலக்கைப் புறத்தில் வைத்தே வண்டிகள் சுற்றிச் செல்லும். அறிந்தோ அறியாமலோ நம் நகரங்களில் லாரியும் பேருந்தும் ஸ்கூட்டரும் நாள்தோறும் வலம் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதை நாங்கள் எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் சொந்த ஊர் அடி அண்ணாமலை. பிழைக்க வந்த ஊர் சென்னை. திருவண்ணாமலை மலையின் மேற்குப் புறத்தில், மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் பாதையின் மீதே எங்கள் ஊர் அமைந்திருக்கிறது. சென்னையில் நாங்கள் குடியிருப்பதோ ஜெமினி வட்டத்தை அடுத்த ஒரு சந்தில். இவ்விரு வட்டங்களுக்கும் இடையே எங்கள் குடும்பத்தின் வருத்தம் ஒன்றும் கிடக்கிறது. அதைச் சொல்லுமுன் இரண்டு வட்டங்களையும் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

ஊர்ப் பாதையின் ஒழுங்கு

எங்கள் ஊர்ப் பாதை ஊர்வலத்துக்கென்று மட்டும் ஏற்பட்டதன்று. அப்பாதையில் பிறந்தவர்க்கு அதுவே தெரு, அதுவே கடைவீதி, பள்ளிக்கும் கழனிக்கும் போகும் வழியும் அதுவே. வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் சென்றதும், நாங்கள் சைக்கிள் பழகியதும் அதன்மீதுதான்.

அங்கே எழுதப்படாத விதி ஒன்று உண்டு. மலையைச் சுற்றுவோர் பாதையின் இடப்புற ஓரமாகவே நடக்கவேண்டும். மலையை ஒட்டிய உட்புறம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கும் இடம் என்று ஊரார் நம்புகின்றனர். அவர்களுக்கு அதை ஒழித்து விட்டு நடப்பதே மரியாதை என்பர். அந்நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளாதவரும் அதில் உள்ள பண்பைக் காணலாம். தன் கண்ணுக்குப் புலப்படாத ஒருவருக்காகப் பாதையில் பாதியை விட்டு நடக்கும் ஒரு மக்கள் கூட்டம், கண்ணெதிரே தள்ளாடி வரும் ஒரு கிழவிக்கு வழி விடாமல் இருக்குமோ?

1990-களுக்குப் பின் முழுநிலவு நாட்களில் கூட்டம் பெருகி, இன்று இலட்சக்கணக்கானோர் ஓரிரவில் அங்கே நடக்கின்றனர். அவ்விரவுகளில் வண்டிகளுக்குத்தான் தடை, நடப்பவர்க்குத் தடையில்லை. கைக்குழந்தையை இடுப்பில் சுமந்தவரும், கோலூன்றியவரும், வேகமாக நடக்கும் இளைஞரும் ஒரே பாதையில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளாமல் சுற்றி வருவதை எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இரவு முழுதும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

நடப்போர்க்குப் பிறந்த சாலை

இனி ஜெமினிக்கு வருவோம். அவ்வட்டத்தின் வரலாறு அங்கே கூடும் பெருஞ்சாலையிலிருந்து தொடங்குகிறது. இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோடு, ஜார்ஜ் கோட்டையையும் புனித தோமையார் மலையையும் இணைக்க எழுந்த வழியாகும். தோமையார் இரத்தம் சிந்தியதாக மரபு போற்றும் அம்மலைக்குச் செல்வோர் அடையாற்றைக் கடக்க அல்லற்பட்டனர். 1726-இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுச் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். மலைமீது ஏறுவதற்குப் படிகளும் அமைத்தார். அச்சாலையை வளர்த்த முதற் கொடைகளுள் ஒன்று, நடந்து செல்லும் எளியவர்க்காக ஒரு தனிமனிதர் அளித்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அக்காலத்தில் சாலையின் மேற்கே மயிலாப்பூரின் நெடிய ஏரி நீண்டு கிடந்தது. வடமேற்கே நுங்கம்பாக்கம் ஏரி. சுற்றிலும் வெள்ளையரின் தோட்ட வீடுகள். 1815-இல் சாலையின் அருகே புனித ஜார்ஜ் பேராலயம் எழுந்தது. அதனால்தான் அங்கிருந்து கிழக்கே செல்லும் வழி கதீட்ரல் சாலை ஆயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை என்னும் ஒன்றிணைந்த சபை அவ்வாலயத்தில்தான் தொடங்கப்பெற்றது. ஆலயத்துக்கு அருகில் 1835-இல் நிறுவப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டங்கள் பசுமையாக விரிந்திருந்தன.

1920-களில் நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தனர். பின்னாளில் நுங்கம்பாக்கம் ஏரியும் மறைந்து, அதன் படுகையில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரிகள் வீடுகளாயின, வீடுகளிலிருந்து மக்கள் சாலைக்கு வந்தனர். நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையும், ஜி.என். செட்டி சாலையும், கதீட்ரல் சாலையும் மவுண்ட் ரோட்டில் வந்து கலக்கும் இடம் நாளடைவில் பெருஞ்சந்திப்பாக மாறியது.

பெயர் தந்த இரட்டையர்

அச்சந்திப்புக்குப் பெயர் தந்தவர் ஆனந்த விகடன் எஸ்.எஸ். வாசன். தீயினால் சேதமுற்ற ஒரு படப்பிடிப்பு நிலையத்தை வாங்கி 1940-இல் அவர் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவினார். ஊதுகொம்பு ஊதும் இரட்டைக் குழந்தைகளின் சின்னத்தை அறியாத தமிழர் இருந்திரார். 1948-இல் வெளிவந்த சந்திரலேகாவின் முரசு நடனமும், 1953-இல் வந்த ஔவையாரும் அங்கே உருவானவை. பேருந்து நடத்துநர் “ஜெமினி, ஜெமினி” என்று கூவ, சந்திப்பின் வட்டமும் ஜெமினி வட்டம் ஆயிற்று.

அவ்வட்டத்தைச் சுற்றி நகரின் புதுமைகள் ஒவ்வொன்றாய் வந்து அமர்ந்தன. 1962-இல் தோட்டக்கலைச் சங்கத்தின் நிலத்தில், காரில் அமர்ந்தபடியே உண்ணும் உட்லண்ட்ஸ் உணவகம் வந்தது. 1964-இல் ஒரே கட்டடத்தில் மூன்று அரங்குகள் கொண்ட சபையர் திரையரங்கம் வந்தது. 1969-இல் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் கட்டடம் வந்தது. அதே ஆண்டில் வாசன் மறைந்தார்.

இவற்றுள் பல இன்று இல்லை. ஸ்டூடியோ இருந்த இடத்தில் நட்சத்திர விடுதி நிற்கிறது. சபையர் இடிக்கப்பட்டது. உட்லண்ட்ஸ் உணவகம் 2008-இல் மூடப்பட்டு, அவ்விடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அதற்கு எதிர்ப்புறத்தில் 2024-இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் வந்துவிட்டது. ஸ்டூடியோ போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. ஒரு நகரம் தன் நினைவுகளைக் கல்வெட்டில் காப்பதைவிடப் பேருந்து நிறுத்தத்தின் பெயரில் நெடுநாள் காக்கும் போலும்!

மேலே எழுந்த சாலை

வட்டத் திட்டின் நுட்பம் எளியது. அதில் அதிகாரி எவரும் வேண்டியதில்லை. ஒருவர்க்கொருவர் வழி விட்டால் போதும். 1909-இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் இத்தகைய வட்டம் ஒன்றை அமைத்தார்கள். ஆனால் வட்டத்துக்குள் இருப்பவர் முந்தியவரா, நுழைபவர் முந்தியவரா என்ற வழக்கு நெடுநாள் தீரவில்லை. நுழைபவர்க்கே முதலிடம் தந்தால் உள்ளே இருப்பவர் வெளியேற இயலாமல் வட்டம் தானே தன்னைப் பூட்டிக்கொள்கிறது. 1966-இல் பிரிட்டன், “உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர்க்கே முதல் உரிமை, நுழைபவர் காத்திருக்க” என்று விதித்தது. அதன் பின்னரே வட்டங்கள் நன்கு இயங்கின. பாரிஸ் நகரில் 12 பெருவீதிகள் கூடும் வெற்றி வளைவின் வட்டத்திலோ இன்றும் நுழைபவர்க்கே முதலிடம். அங்குள்ள குழப்பம் உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வண்டி ஓட்டும் ஒழுங்குமுறைகளும் உள்ளிருப்பவர்க்கே உரிமை தருகின்றன. சுருங்கச் சொன்னால், வரும் வேகத்தைச் சற்று அடக்கிக்கொண்டு பிறர்க்கு இடம் தருபவராலேயே வட்டம் வாழ்கிறது.

எனினும் வட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வண்டிகள் பெருகி இடைவெளி அற்றுப்போனால் வழி விடும் பண்பு மட்டும் போதாது. ஜெமினியில் அந்நிலை வந்தது. அன்றைய முதலமைச்சர் கருணாநிதியின் ஆட்சிக் காலத்தில், 1971-இல் தொடங்கிய பணி முடிந்து, 1973 ஜூலை 1 அன்று மேம்பாலம் திறக்கப்பட்டது. அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கிய அப்பாலமே தமிழகத்தின் முதல் மேம்பாலம். பம்பாய்க்கு அடுத்தபடியாக நம்மூரில் பாலத்தின்மீது பேருந்து பறக்கிறது என்று அதைக் காண வெளியூர்களிலிருந்து வந்தவர் பலர்.

பாலத்தை ஒட்டி, திமிறும் குதிரையை ஒருவன் பிடித்து அடக்கும் சிலையை இன்றும் காணலாம். குடும்பங்களைக் கெடுத்த குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் தமிழக அரசு சட்டம் இயற்றியதன் நினைவு அது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதது ஆக்கியது. கிண்டியில் பந்தயக் குதிரைகள் மீண்டும் ஓடின. சிலைக் குதிரை மட்டும் அடங்கியே நிற்கிறது.

1973-இன் மேம்பாலம் ஒரு வழியைத் திறந்தது. பின்னர் நகரெங்கும் மேம்பாலங்கள் எழுந்தன. 2008-இல் கத்திப்பாராவில் மலரிதழ் போன்ற பெரும் பாலம் வந்தது. அண்ணா சாலையின் அடியில் 2019 முதல் மெட்ரோ இரயில் முழுமையாக ஓடுகிறது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை உயர்மட்டச் சாலைக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றின் பயனை மறுப்பது நன்றி மறத்தலாகும். நோயாளி வண்டி விரைந்து செல்வதும், வேலை முடிந்தவர் பொழுதோடு வீடு சேர்வதும் இப்பாலங்களால் அல்லவா? ஆனால் மேலே செல்பவர் கீழே நிற்பவரைக் காண்பதில்லை. ஜெமினி மேம்பாலத்தின் கீழே யார் நிற்கிறார் என்பதை எங்களுக்குக் காட்டியவர் எங்கள் அம்மா.

பதினான்கு கிலோமீட்டரும் அரை கிலோமீட்டரும்

அம்மா எங்களில் ஒருவரைப் பெற்றவர், மற்றவருக்கு அத்தை. 2022-இல் கண்புரை அறுவை செய்துகொண்டு, எங்களோடு தங்குவதற்காக அடி அண்ணாமலையிலிருந்து சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 71. வாழ்நாளெல்லாம் நடந்தவர், மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டரையும் செருப்பின்றி எத்தனையோ முறை நடந்து முடித்தவர். கால்கள் மடங்காமல் இருக்க நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கவேண்டும் என்று மருத்துவர் கூறியபோது, “இதுக்கு மருந்துச் சீட்டு வேறயா?” என்று சிரித்தார்.

எங்கள் வீட்டிலிருந்து செம்மொழிப் பூங்கா அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். இடையில் அண்ணா சாலை. முதல் நாள் மாலை மூவரும் புறப்பட்டோம். பாலத்தின் கீழ் வந்து நின்றோம். சைகை விளக்கு எங்களுக்கு இசைந்தபோது அம்மா அடியெடுத்து வைத்தார். பாதிச் சாலை கடப்பதற்குள் விளக்கு மாறிவிட்டது. இடப்புறமாகத் திரும்பும் வண்டிகளோ எந்த விளக்கையும் பொருட்படுத்தவில்லை. சாலை நடுவிலுள்ள திட்டில், தலைக்கு மேல் பாலம் அதிர, இருபுறமும் வண்டிகள் பாய, எங்கள் இருவர் கைகளையும் பற்றிக்கொண்டு அவர் நின்ற நிலை எங்கள் கண்ணை விட்டு அகலவில்லை.

“ஏம்பா, இங்க யாரு யாருக்கு வழி விடணும்?” என்று கேட்டார்.

எங்களிடம் மறுமொழி இல்லை. நகரில் சுரங்கப் பாதைகளும் நடைமேம்பாலங்களும் பல இடங்களில் உண்டுதான். ஆனால் அவை எல்லாம் படிகள். வண்டிகள் நிற்காமல் ஓடுவதற்காக, முழங்கால் வலியுள்ளவர் நாற்பது படி இறங்கி நாற்பது படி ஏறவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

சில நாட்களுக்குப் பின் ஆட்டோ ஒன்றை அமர்த்தினோம். அரை கிலோமீட்டர் தொலைவுக்கு, நெடுந்தூரம் போய்த் திரும்பிவர வேண்டியிருந்தது. ஓட்டுநர் இரக்கத்தோடு, “நடந்தே போயிடலாமே அம்மா, இங்கதானே இருக்கு?” என்றார். “நடக்க விட்டாத்தானே தம்பி நடக்கிறது?” என்றார் அம்மா. நடப்பதற்காகப் பூங்காவுக்குச் செல்ல, நடக்க இயலாமல் வண்டிக்குக் காசு கொடுக்கும் விந்தையை அவர் பலமுறை சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பு வரவரக் குறைந்தது.

மழை வந்தது. எங்கள் இருவருக்கும் வேலை நேரம் மாறியது. ஆட்டோவுக்குச் செலவாகிறதே என்று அம்மா பூங்காவையே மறுத்துவிட்டார். மாடிப் படியில் இருமுறை, கூடத்தில் பத்துமுறை என்று அவருடைய நடை சுருங்கிற்று. பதினோராம் மாதத்தில் ஒருநாள், “எனக்கு ஊருக்குப் பஸ் ஏத்தி விடுங்க. உங்க மேல குறை இல்ல. கால் இருக்கிறப்பவே நடக்கிற ஊருக்குப் போயிடறேன்” என்றார். தம்பி வந்து அழைத்துச் சென்றான். எங்கள் மகன் தன் பாட்டியிடம் கதை கேட்டு உறங்கிய அறையில் ஒரு கட்டில் காலியாயிற்று. ஒரு தாயைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்தது வறுமையன்று, மனத்தாங்கலுமன்று. கடக்க முடியாத ஒரு சாலை என்று சொன்னால் நம்புவார் உளரோ?

யாருக்கு முதலிடம்?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று என்பதனாலேயே இதை எழுதுகிறோம். நகரங்களில் மூன்றாம் மாடியில் அடைபட்டிருக்கும் முதியவர் எத்தனை பேர்! பிள்ளைகள் அன்பற்றவர்கள் என்று அயலார் பேசுகின்றனர். அன்பு உண்டு, வாசலைத் தாண்டினால் வழிதான் இல்லை. தனியே கடைக்கோ ஆலயத்துக்கோ நூலகத்துக்கோ சென்றுவர இயலாத முதியவர், தம் வீட்டிலேயே விருந்தாளியாகி, பின்பு சுமையாகத் தம்மையே எண்ணத் தொடங்குகிறார். குழந்தைகளுக்கும் இதே கதிதான்.

மாற்றம் வராமலும் இல்லை. நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் முதலிடம் தருவது என்று 2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களுக்கு அது முன்மாதிரி எனப்பட்டது. ஜெமினியிலிருந்து சிறிது தொலைவிலுள்ள பாண்டி பஜாரில் 2019-இல் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. மாலை வேளைகளில் அங்கே பாட்டிமாரும் பேரக் குழந்தைகளும் அச்சமின்றி உலவுவதை நாங்கள் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். மனம் வைத்தால் நகரத்திலும் இயலும் என்பதற்கு அது சான்று. கோடிட்ட கடவையில் நடப்பவர்க்கே முதல் உரிமை என்று விதியும் இருக்கிறது. விளக்கு இன்னும் சில நொடி பொறுத்தால், படியில்லாத கடவை ஒன்று கிடைத்தால், திரும்பும் வண்டி ஒரு கணம் நின்றால், அரை கிலோமீட்டர் மீண்டும் அரை கிலோமீட்டராகிவிடும்.

அதற்கு ஆட்சியாளர் செய்யவேண்டியது பெரிது. நாம் செய்யக்கூடியதும் சிறிதன்று. சென்னையில் ஸ்கூட்டர் ஓட்டுவோர் நம் பிள்ளைகள்தாம். வண்டிச் சாவியை அவர்கள் கையில் தரும் நாளில் ஒன்றைச் சொல்லித் தருவோம்: கடவைக் கோட்டில் ஒரு முதியவர் நிற்பாராயின், பின்னால் எத்தனை ஒலிப்பான்கள் அலறினாலும், அவர் கடந்து முடியும்வரை நின்று செல்ல வேண்டும். வழி விடுபவனுக்கு இழப்பு பத்து நொடி. வழி கிடைத்தவருக்குக் கிடைப்பது ஒரு மாலைப் பொழுது.

அம்மா இப்போது நாள்தோறும் காலையில் ஊரில் நடக்கிறார். தொலைபேசியில் பேசும்போது, “இங்கயும் வண்டி கூடிப்போச்சுப்பா, முழுநிலா அன்னிக்குத்தான் ரோடு நம்மது” என்கிறார். எங்கள் ஊர்ப் பாதையையும் ஜெமினியின் நோய் தொற்றிவிடுமோ என்ற அச்சம் எங்களுக்கு உண்டு. ஆயினும் அவர் விடுவதாயில்லை. இடப்புற ஓரமாக, மலை வலக்கைப் புறமிருக்க, எதிரே வருபவர்க்கு ஒதுங்கி, தமக்கு ஒதுங்குபவரை வாழ்த்தி நடக்கிறார். வரும் கோடை விடுமுறையில் எங்கள் மகனையும் அவரோடு நடக்க அனுப்புகிறோம். நகரத்தில் வண்டி ஓட்டப் போகிறவன், வழி விடுவதை முதலில் பாட்டியிடம் கற்றுக்கொள்ளட்டும்.